காலமான அலர்மேல்மங்கையின் கையெழுத்து

ஹில்லரோட், டென்மார்க்
12 மே 2024

திரு. பழனிச்சாமி அவர்களுக்கு,

நான் சேஷகிரி. உங்கள் மனைவி அலர்மேல்மங்கையின் அண்ணன். இந்தக் கடிதம் உங்களுக்கு வியப்பளிக்கலாம். எதுவானாலும் எழுத்து மூலம் கேட்கவேண்டும் என்று எங்கள் வக்கீல் சீனிவாசராகவன் சொன்னதால் எழுதுகிறேன். உங்கள் கடையின் விலாசத்தையும் அவர்தான் தேடிக் கொடுத்தார்.

ஏப்ரல் முதல் இங்கே என் மகள் ஸ்ரீவித்யாவின் வீட்டில் தங்கியிருக்கிறேன். நடந்து போகும் தூரத்தில் பிரெடரிக்ஸ்போர்க் என்றொரு அரண்மனை. ஏரியில் மூன்று சிறு தீவுகளின்மேல் செங்கல்லும் செம்புக் கோபுரங்களுமாக நிற்கிறது. நானூறு வருடங்களுக்கு முன் நான்காம் கிறிஸ்டியன் கட்டியது. நம் தரங்கம்பாடிக்குக் கப்பல் அனுப்பிய அதே ராஜா. உள்ளே இருக்கும் தேவாலயத்தில் தலைமுறை தலைமுறையாக ராஜாக்களுக்கு அபிஷேகம் நடந்திருக்கிறது. இன்று அது தேசிய சரித்திர அருங்காட்சியகம். சுவரெல்லாம் மனிதர்கள். தேசம் தன் முன்னோர்களை வரிசையாக மாட்டி வைத்து மரியாதை செய்கிறது. நான் நான்கு முறை போய்விட்டேன்.

அங்கே நின்றபோதுதான் பெங்களூரில் எங்கள் மல்லேஸ்வரம் வீட்டைப் பற்றி முடிவு செய்தேன். என் தாத்தா மைசூர் சமஸ்தானச் செயலகத்தில் இருபத்தெட்டு வருடம் இருந்தவர். என் தகப்பனார் அதே கட்டிடத்திலிருந்து ஓய்வு பெற்றார். அந்த வீட்டைக் குடும்ப அருங்காட்சியகமாக்கப் போகிறேன். பழைய கட்டிடங்களைப் பாதுகாக்கும் ஓர் அமைப்பு கைகொடுக்க முன்வந்திருக்கிறது. ஆகஸ்ட் முடிவதற்குள் பத்திரங்களை ஒப்படைக்கவேண்டும்.

ஒரு சிறிய சம்பிரதாயம் பாக்கி. வீட்டில் தனக்குப் பாத்தியதை எதுவும் இல்லை என்று அலர்மேல் ஒரு கையெழுத்துப் போடவேண்டும் என்கிறார் வக்கீல். படிவம் இதனுடன் இருக்கிறது. அவளுக்கு இதில் இழப்பு ஏதுமில்லை. அந்த வீட்டை அவள் எப்போதோ வேண்டாமென்று போய்விட்டாள்.

அரண்மனையைப் பற்றிய கையேடு ஒன்றும் வைத்திருக்கிறேன். உங்களுக்கு இதிலெல்லாம் ஈடுபாடு இருக்க நியாயமில்லை. அலர்மேல் படிப்பாள்.

இப்படிக்கு,
சே. சேஷகிரி


சந்தாபுரா, பெங்களூர்
27 மே 2024

சேஷகிரி சாருக்கு,

தபால் கிடைத்தது. முப்பத்தொரு வருடத்தில் உங்கள் வீட்டிலிருந்து வந்த முதல் தபால். உங்கள் அப்பா போனதைக்கூட நாங்கள் பேப்பரில்தான் பார்த்தோம். அதுவும் அன்றைய பேப்பர் இல்லை, பாட்டில் சுற்றி வந்த பேப்பர். பதினோரு நாள் பழசு. அலமேலு அதை நீவி நீவி மடித்து பீரோவில் வைத்தாள்.

எனக்கு ஈடுபாடு இருக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கிலீஷில் எனக்கு லேபிள் படிக்கிற அளவுக்குத்தான் வரும் என்பது உண்மை. அதனால் அவளை உட்காரவைத்துப் பக்கம் பக்கமாகப் படித்துச் சொல்லச் சொன்னேன். நீங்கள் நான்கு முறை போயும் கண்ணில் படாத விஷயம் எல்லாம் அதில் இருக்கிறது.

அந்த அரண்மனை எரிந்து போயிருக்கிறது சார். 1859 டிசம்பரில். குளிருகிறது, நெருப்பு மூட்டு என்றிருக்கிறார் அப்போதைய ராஜா. புகைபோக்கி சரியில்லை. தீ பிடித்துக்கொண்டது. அணைக்கலாம் என்று பார்த்தால் ஏரி உறைந்து கிடக்கிறது. சுற்றிலும் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு குடம் மொள்ள முடியாமல் அரண்மனையைப் பறிகொடுத்திருக்கிறார்கள். இதைத்தான் நீங்கள் ராஜவம்சத்துப் பெருமை என்று தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள்.

அப்புறம் ஊரே வசூல் போட்டுச் சுவரை எழுப்பியது, ராஜாவும் கொடுத்தார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே வெறும் கூடுதான். அதை அருங்காட்சியகம் ஆக்கலாம் என்று சொல்லி, பணத்தையும் எடுத்து வைத்தவர் யார் தெரியுமா? யாகப்சன் என்று ஒருத்தர். தொழில், பீர் காய்ச்சுவது. வாசலில் ஒரு நீரூற்று இருக்கிறதே, அதை எப்போதோ ஸ்வீடன்காரன் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். இப்போது இருப்பது நகல். அதுவும் பீர்க்காரர் உபயம்.

நான் முப்பத்தைந்து வருடமாகக் காலி பீர் பாட்டில் வாங்கி, கழுவி, திரும்ப பேக்டரிக்கு விற்கிறவன். உங்கள் வீட்டில் எனக்கு வைத்த பெயர் பாட்டில்காரன். அந்த ஊரில் பாட்டிலில் ஊற்றினவர்தான் ராஜாவின் மானத்தையே காப்பாற்றியிருக்கிறார். நீங்கள் வாயைப் பிளந்து நின்றதெல்லாம் அவர் வாங்கி வைத்ததற்கு முன்னால்.

இப்போது வேலைக்கு வருவோம். வீட்டுக் காத்தா, அந்த முனிசிபல் சொத்துப் பதிவு, உங்கள் ஒருவர் பெயரில் இருக்கிறது. அப்படி மாற்றவேண்டும் என்றால் அப்பாவுக்கு யார் யார் பிள்ளைகள் என்று சத்தியம் செய்து தாலுகா ஆபீசில் வம்ச விருட்சம் வாங்கியிருக்கவேண்டும். அந்தக் காகிதத்தில் அலமேலுவை என்ன செய்தீர்கள்? அவள் இருந்தால் அன்றைக்கே கையெழுத்து கேட்டிருப்பார்கள். கேட்கவில்லை. அதன் காப்பி ஒன்று அனுப்புங்கள். மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை, போடவும் விடமாட்டேன்.

அவள் என்ன சொன்னாள் என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். கையேட்டை மூடிவிட்டு, "மாடி ரூம் இன்னும் ஒழுகுதோ என்னமோ" என்றாள். அவ்வளவுதான்.

பழனிச்சாமி


ஹில்லரோட்
9 ஜூன் 2024

திரு. பழனிச்சாமி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தின் தொனியை நான் எதிர்பார்த்துத்தான் இருந்தேன்.

பணம் கொடுத்தவரின் பெயர் கையேட்டில் இருப்பது சரிதான். ஆனால் யாரும் பணம் கொடுத்தவரைப் பார்க்க டிக்கெட் வாங்குவதில்லை. ராஜாவைப் பார்க்கத்தான் வருகிறார்கள். அந்த பீர் வியாபாரிக்கு அது தெரிந்திருந்தது. அதனால்தான் தன் வீட்டை அருங்காட்சியகமாக்காமல் ராஜாவின் வீட்டை ஆக்கினார். உங்களுக்கும் அந்த வேறுபாடு என்றாவது தெரியவரும்.

வம்ச விருட்சம் பெங்களூரில் என் பெட்டியில் இருக்கிறது. இங்கிருந்து அனுப்ப இயலாது. அது வெறும் அலுவலகக் காகிதம். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

மாடி அறை ஒழுகுகிறது. மாடி அறை மட்டுமல்ல. பின்கட்டு ஓடு சரிந்து இரண்டு வருடமாகிறது. இந்த மழைக்குத் தாங்காது என்று பொறியாளர் எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு எழுபத்தொன்று. ஸ்ரீவித்யா திரும்பி வரப்போவதில்லை. பில்டர்கள் வாரம் ஒருவர் வந்து கேட்டைத் தட்டுகிறார்கள். அந்த அமைப்பின் உதவி கைவிட்டுப் போனால் வீடு நிற்காது, அந்த இடத்தில் எட்டு மாடி எழும்பும், தரைத்தளத்தில் ஒரு பீட்சா கடை இருக்கும். என் தாத்தாவின் ஜரிகைப் பேட்டாத் தலைப்பாகையும் தகப்பனாரின் மேஜையும் எங்கே போகும்? உங்களைப்போன்ற யாரிடமாவது போகும்.

முன்கூடத்துச் சுவரில் தரையிலிருந்து உத்தரம் வரைக்கும் எங்கள் வம்சாவளியை வரையப்போகிறேன். ஏழு தலைமுறை. இதையெல்லாம் நீங்கள் புரிந்துகொள்ளவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காலியானதை வாங்கி விற்பவருக்கு, உள்ளே என்ன இருந்தது என்று தெரிந்திருக்கத் தேவையில்லை.

படிவத்தை ஜூன் முடிவதற்குள் அனுப்பிவைத்தால் உதவியாக இருக்கும்.

சே. சேஷகிரி


சந்தாபுரா
24 ஜூன் 2024

சேஷகிரி சாருக்கு,

உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

1991-ல் நான் விவேக் நகரில் ஒரு ரூமில் ஆறு பேரோடு இருந்துகொண்டு சைக்கிளில் கோணி கட்டி மல்லேஸ்வரம் முழுக்கச் சுற்றினேன். உங்கள் வீட்டு முன் கேட்டில் எனக்கு வேலையில்லை. பின் கேட்டில்தான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு துணிப்பை வரும். உள்ளே பிராந்தி பாட்டில், ஒவ்வொன்றுக்கும் துளசி இலை வாசனை வர நன்றாகக் கழுவி, லேபிளைச் சுரண்டி. உங்கள் அப்பாவின் மருந்து என்று உங்கள் அம்மா சொல்லியனுப்புவார். அதைக் கொண்டுவந்து தருவதற்கு வேலைக்காரியை நம்பாமல் பெண்ணை அனுப்பினார்கள். அந்தப் பெண்தான் அலமேலு. முதல் நாள் அவள் என்னிடம் பேசிய பேச்சு, "லேபிள் இல்லேன்னா விலை குறைப்பியா?" குறைக்கமாட்டேன் என்றேன். நீங்கள் முன்கூடத்தில் எழுதப்போகிற சரித்திரத்தில் பாதி என் கோணியில் போயிருக்கிறது.

இனி காகிதம். உங்கள் பெட்டி டென்மார்க்குக்கு வராது, சரி. தாலுகா ஆபீஸ் எனக்கு பஸ் தூரம்தான். சர்டிபைடு காப்பி கேட்டு அப்ளிகேஷன் போட்டு, மூன்று தடவை நடந்து வாங்கினேன். 2009-ல் நீங்கள் கொடுத்த சத்தியப் பிரமாணமும் கூடவே வந்தது. உங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறது.

அப்பா பெயருக்குக் கீழே இரண்டு கோடு. ஒரு கோட்டில் நீங்கள். இன்னொரு கோட்டில் "அலர்மேல்மங்கை, மகள், காலமானார், 4-3-1993."

அந்தத் தேதியில்தான் எங்களுக்கு ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் நடந்தது.

அவள் பெயரை விட்டுவிட்டீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். சொத்துக்காக ஒரு பெயரை விடுகிறவர்களை எனக்குத் தெரியும், தினமும் அவர்களோடு டீ குடிக்கிறேன். விடாமல் எழுதி, எழுதிய பிறகு சாகடித்து, தேதியும் போட்டவர் நீங்கள் ஒருத்தர்தான்.

அவளிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு நாள் முழுக்கக் காகிதத்தை கல்லாவிலேயே வைத்திருந்தேன். மறுநாள் அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வைத்தேன். படித்தாள். சிரித்தாள். "மூணு எலெக்ஷன்ல ஓட்டுப் போட்டிருக்கேன். செத்தவ ஓட்டு எல்லாம் கள்ள ஓட்டுதானே?" என்றாள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "சாட்சி யாரு போட்டிருக்கா?" என்று கேட்டாள். உங்கள் சித்தப்பா மகன்கள் இரண்டு பேரும் என்றேன். "சுதீருமா?" என்றாள். சுதீரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தானாம். பீன்ஸ் நறுக்கி முடித்தாள். சமைத்தாள். எனக்குப் போட்டாள். அவள் சாப்பிடவில்லை.

எங்கள் வக்கீல் டெஸ்மண்ட் காகிதத்தைப் பார்த்து உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். "இதுக்கு சிவில் கேஸே வேணாம் பழனி, நேரா ஸ்டேஷன்" என்கிறார். நான் இன்னும் அவருக்குச் சரி என்று சொல்லவில்லை. சொல்லமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

செத்தவளிடம் எப்படிக் கையெழுத்து கேட்கிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

பழனிச்சாமி


ஹில்லரோட்
8 ஜூலை 2024

பழனிச்சாமி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் வீட்டில் இல்லை. ஸ்ரீவித்யா பிரித்துப் படித்துவிட்டாள். நான் வந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்பா, அத்தை செத்துப்போயிட்டான்னு எங்கிட்ட சின்ன வயசுல சொன்னேளே, அதை கவர்மெண்ட்டுக்கும் சொன்னேளா?"

நடந்ததை உங்களுக்கு எழுதிவிடுகிறேன். மன்னிப்புக் கோருவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அவள் போன செய்தி வந்த அன்று என் தகப்பனார் கிணற்றடியில் தலை முழுகினார். எங்களையும் முழுகச் சொன்னார். பத்து நாள் தீட்டுக் காத்தோம். கோவிலுக்குப் போகவில்லை, கண்ணாடி பார்க்கவில்லை. பதிமூன்றாம் நாள் நான்கு பேருக்கு இலை போட்டோம். சாப்பிட வந்தவர்கள் யாரும் யார் செத்தது என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவள் பெயர் அந்த வீட்டில் உச்சரிக்கப்படவில்லை. பதினாறு வருடம் கழித்து ஆபீசில் குமாஸ்தா எத்தனை பிள்ளைகள் என்று கேட்டான். இரண்டு என்றேன். இன்னொருவர் எங்கே என்றான். காலமாகிவிட்டாள் என்றேன். தேதி கேட்டான். எனக்குத் தெரிந்த தேதியைச் சொன்னேன். பொய் சொல்கிறோம் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. நான் அவளுக்காகத் தீட்டுக் காத்தவன். நீங்கள் நம்பமாட்டீர்கள். வக்கீலும் நம்பவில்லை. அவளுடைய இறப்புச் சான்றிதழை அவர் கேட்டபோதுதான் அவள் இருக்கிறாள் என்பதையே அவரிடம் சொன்னேன், அதனால் வந்ததுதான் இந்தப் படிவம்.

மறுநாள் ஸ்ரீவித்யா என்னை அரண்மனைக்கு அழைத்துக்கொண்டு போனாள். நான் ஐந்தாவது முறையாகப் போனேன், அவள் பேச்சைக் கேட்கவேண்டியிருந்தது. ஒரு பெண்ணின் படத்துக்கு முன் நிறுத்தினாள். லியோனோரா கிறிஸ்டினா. அரண்மனையைக் கட்டிய ராஜாவின் மகள். புருஷன் ராஜத்துரோகி என்று தீர்ப்பாகி, அவன் பாவத்துக்கு இவளைப் பிடித்துக் கோபன்ஹேகனில் ஒரு கோபுரத்தில் அடைத்தார்கள். இருபத்திரண்டு வருடம். அடைத்தபோது ஆட்சியில் இருந்தவர் அவளுடைய அண்ணனே. தகப்பன் ஒன்று, தாய் வேறு.

"நாலு தடவை இவளைத் தாண்டித்தானே போனேள்" என்றாள் என் மகள். "இவா அடைச்சுதான் வெச்சா. செத்துட்டான்னு எழுதல."

தமிழில் சொன்னாள். பக்கத்திலிருந்த வெள்ளைக்காரர்களுக்குப் புரியவில்லை. ஆனாலும் நான் அங்கிருந்து வெளியே வந்துவிட்டேன்.

போலீஸ் வரை போகவேண்டாம் என்று உங்களைக் கேட்கிறேன். பதிலுக்கு என்னால் செய்ய முடிந்தது இது: வம்சாவளியில் அவள் பெயர் இருக்கும். முன்கூடத்தில், தகப்பனாருக்குப் பக்கத்தில், அவளுடைய பெரிய படம் ஒன்று மாட்டப்படும். அவள் பி.ஏ. பட்டம் வாங்கியபோது எடுத்தது என்னிடம் இருக்கிறது. அதை நான் கிழிக்கவில்லை.

சேஷகிரி


சந்தாபுரா
22 ஜூலை 2024

சேஷகிரி சாருக்கு,

டெஸ்மண்டிடம் ஸ்டேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்களுக்காக இல்லை. ஸ்டேஷனில் அவளை உட்காரவைத்து, நீ யார், செத்தாயா இருக்கிறாயா என்று நாலு பேர் கேட்பதை நான் பார்க்கத் தயாராக இல்லை.

தீட்டுக் காத்தது பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்து நாளும் நாங்கள் விவேக் நகரில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சோறு வடித்துக்கொண்டிருந்தோம். உங்கள் தங்கைக்கு ஸ்டவ்வுக்குக் காற்றடிக்கத் தெரியாது. புருவத்தைப் பொசுக்கிக்கொண்டாள். நீங்கள் கண்ணாடி பார்க்காமல் இருந்த அதே நாட்களில் அவள் நிமிஷத்துக்கொரு தரம் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தாள், புருவம் முளைக்கிறதா என்று. இதையும் உங்கள் சுவரில் எங்காவது எழுத இடமிருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

வியாபாரி நான். முறித்துப் போடுவதைவிடப் பேசி முடிப்பது எனக்கு வசதி. என் பேச்சு இது.

முதலாவது, நீங்கள் நேரில் வரவேண்டும். வக்கீல் மூலம், பவர் மூலம் நடக்காது. எந்த ஆபீசில் அவள் செத்தாள் என்று சொன்னீர்களோ அதே ஆபீசில், அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, இருக்கிறாள் என்று சொல்லவேண்டும். திருத்திய வம்ச விருட்சம் கையில் வந்த பிறகுதான் உங்கள் படிவத்தைப் பற்றிப் பேச்சு. அப்போதும் போடுவதா வேண்டாமா என்பது அவள் இஷ்டம்.

இரண்டாவது என் யோசனை. அந்த அமைப்பு கொடுப்பது கூரைக்குக் காணாது என்று உங்கள் பொறியாளரை விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கூரையை நான் போட்டுத் தருகிறேன். மேல்மாடி, பின்கட்டு, எல்லாம். தேக்கு என்றால் தேக்கு. அதற்குப் பதில் முன்வாசலில் ஒரு கல். கருங்கல்லில் தமிழிலும் கன்னடத்திலும் வெட்டவேண்டும். "இந்த வீட்டின் கூரை, பாட்டில் வியாபாரி பழனிச்சாமி உபயம்." பாட்டில் வியாபாரி என்ற சொல் இருக்கவேண்டும். அதை விட்டுவிட்டு வெறும் பெயர் போட்டால் கூரையைத் திரும்பப் பிரித்துக்கொண்டு போவேன்.

உங்கள் பீர்க்காரருக்கு அரண்மனை கிடைத்தது. எனக்கு மல்லேஸ்வரத்தில் ஒழுகுகிற வீடுதான் கிடைத்தது. பரவாயில்லை.

பழனிச்சாமி


ஹில்லரோட்
5 ஆகஸ்ட் 2024

பழனிச்சாமி அவர்களுக்கு,

17-ஆம் தேதி பெங்களூர் வருகிறேன். 20-ஆம் தேதி காலை பத்தரைக்கு அந்த ஆபீசில் இருப்பேன். சீனிவாசராகவன் வரமாட்டார், நான் மட்டும்.

கல்லைப் பற்றி. என் தகப்பனார் வாழ்ந்த வாசலில் அப்படியொரு வாசகம் வருவதைக் காட்டிலும் வீடு விழுந்துவிடலாம் என்று மூன்று நாள் இருந்தேன். நான்காம் நாள் இங்கே நல்ல மழை. அரண்மனைக்குள் ஒதுங்கினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

கல் பக்கவாட்டுச் சுவரில் இருக்கலாமா என்று கேட்க நினைத்தேன். நீங்கள் ஒப்புக்கொள்ளமாட்டீர்கள் என்று தெரியும். முன்வாசலிலேயே இருக்கட்டும். எழுத்து இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம்.

ஸ்ரீவித்யா அத்திம்பேருக்கு நமஸ்காரம் சொல்லச் சொன்னாள். உங்களை அப்படி அழைக்கச் சொல்லி நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

சேஷகிரி


சந்தாபுரா
29 ஆகஸ்ட் 2024

மச்சானுக்கு,

இந்தத் தபாலோடு உங்கள் படிவம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஐந்து பக்கத்திலும் போட்டிருக்கிறாள், டெஸ்மண்ட் ஒரு முறை சரிபார்த்துவிட்டார். திருத்திய வம்ச விருட்சத்தின் காப்பியும் இருக்கிறது. 31-ஆம் தேதிக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். கூரியர்காரனை நம்பாமல் ஸ்பீடு போஸ்டில் மல்லேஸ்வரத்துக்கே அனுப்புகிறேன்.

அன்றைக்கு ஆபீசில் நடந்தது உங்களுக்கும் தெரியும். ஆனால் நீங்கள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், அதனால் சிலது பார்த்திருக்கமாட்டீர்கள். இறந்தவரை உயிரோடு காட்ட ஃபாரமே இல்லை என்று குமாஸ்தா மூன்று டேபிள் மாற்றி அலைக்கழித்தானே, அப்போது வரிசையில் நின்ற ஒரு அம்மாள், சின்னத்தாயி என்று பெயராம், விதவைப் பென்ஷனுக்கு வந்தவள், அலமேலுவைக் கையில் தொட்டுப் பார்த்து, "உசுரு இருக்குது சார், எளுதிக்கோ" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அலமேலுவும் சிரித்தாள். நீங்கள் மட்டும்தான் சிரிக்கவில்லை.

கடைசியில் அந்த ஆபீசர், இவர் யார் என்று சத்தமாகச் சொல்லுங்கள் என்று உங்களைக் கேட்டார். "இவளு நன்ன தங்கி", இவள் என் தங்கை என்று கன்னடத்தில் சொன்னீர்கள். முதல் தடவை சத்தம் வரவில்லை. அவர் திரும்பக் கேட்டார். திரும்பச் சொன்னீர்கள். அந்த இரண்டாவது தடவைக்காக உங்கள்மேல் எனக்கு இருந்ததில் கொஞ்சம் கழித்துக்கொண்டேன். கொஞ்சம்தான்.

அதற்குப் பிறகு ஹோட்டலில் காபி குடிக்கக் கூப்பிட்டேன், அவசரமாக ஆட்டோ பிடித்துவிட்டீர்கள். அதனால் மீதியை எழுதவேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வரும் வழியில் கார் ஓட்டிக்கொண்டே அந்தக் கல்லைப் பற்றிச் சொன்னேன். அதுவரை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. எழுத்து ரெண்டு அங்குலம் என்கிறார் உன் அண்ணன், நான் மூணு போடச் சொல்லப்போறேன் என்றேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"உங்க பேரு அங்க எதுக்கு?" என்றாள்.

"பாட்டில்காரன்னு சொன்னவங்க வாசல்ல இருக்கணும்."

"இருந்து? தினம் அதைப் பார்த்துண்டு யாரு வயிறெரியணும்? அப்பா இல்ல, அம்மா இல்ல. இருக்கறது ஒரு கெழவன். அவனும் கண்ணாடி போட்டாத்தான் படிப்பான்."

நான் விடவில்லை. டென்மார்க்கில் அந்த பீர்க்காரர் செய்யவில்லையா என்றேன்.

"அவருக்கு ராஜா வேணும். உங்களுக்கு எதுக்கு? முப்பத்தஞ்சு வருஷம் கோணி தூக்கினது அந்த வாசல்ல ஒரு கல்லு வாங்கறதுக்கா?"

மச்சான், நான் யாரிடமும் பேரத்தில் தோற்றதில்லை. அன்றைக்கு அத்திப்பள்ளி ரோட்டில் காரை ஓரம்கட்டி நிறுத்தினேன். அவள் சொன்னது சரி என்பதால் இல்லை. முப்பத்தொரு வருடம் உங்கள் வீட்டாரை மதிக்கவில்லை மதிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே அவர்கள் வாசலில்தான் நின்றிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. அது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஆகவே கல் கிடையாது. கல் இல்லையென்றால் கூரையும் கிடையாது. கூரை உங்கள் பாடு, அந்த அமைப்பின் பாடு. நல்ல தச்சர் வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஆனேக்கல்லில் ஒருவர் இருக்கிறார், ஏமாற்றமாட்டார்.

கையெழுத்து ஏன் போட்டாள் என்று எனக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை. பாதி வீடு அவளுடையது என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்த பத்தாவது நாளில் அதை அப்படியே எழுதிக் கொடுக்கிறாளே என்று டெஸ்மண்டுக்குத் தலைவலியே வந்துவிட்டது. நானும் கேட்டேன். "இருக்கறவதானே குடுக்க முடியும், குடுத்துப் பார்க்கறேன்" என்றாள். நானாக இருந்தால் குடுத்திருக்கமாட்டேன். விழட்டும் என்று விட்டிருப்பேன்.

அந்தப் பி.ஏ. பட்டப் படத்தை நீங்கள் மாட்டவேண்டாமாம். இதைக் கண்டிப்பாக எழுதச் சொன்னாள். "அண்ணாகிட்ட சொல்லிடுங்கோ. அங்க மாட்டறதெல்லாம் போனவா படம். நான் இருக்கேன்." படத்தைத் தபாலில் திருப்பி அனுப்பிவிடுங்கள். கசங்காமல் அட்டை வைத்து அனுப்புங்கள்.

அனுப்பும்போது கவரில் என் பெயர் போடவேண்டாம். அலர்மேல்மங்கை, சந்தாபுரா என்று அவள் பெயரைப் போடுங்கள். இத்தனை வருடத்தில் அவள் பெயருக்கு உங்கள் கையெழுத்தில் ஒரு தபால் வந்ததில்லை. தபால்காரர் வாசலில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிடுவார். அவளே வந்து வாங்கிக்கொள்வாள்.

பழனிச்சாமி